காயம் ஆறிய பிறகு

என் சித்தி தீப்பெட்டி ஆபீஸ் தீயில் சிக்கியது 1980களின் தொடக்கத்தில். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டையபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் அது. வறண்ட காற்றும் வேலைக்கு ஏங்கும் கைகளும் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் அது பரவியது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று கரிசல் காட்டில் இரண்டும் ஏராளமாக இருந்தன. கம்பும் பருத்தியும் பொய்த்த வருசங்களில் எங்கள் வீட்டு உலையில் அரிசி விழுந்தது ஆபீஸ் கூலியால்தான்.

சித்தி அங்கே கட்டை அடுக்குகிற வேலையில் இருந்தாள். வரிப்பள்ளம் வெட்டிய கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, கட்டைமேல் கட்டை அடுக்கிச் சட்டத்தை நிரப்ப வேண்டும். நிரம்பிய சட்டம் மெழுகுக்குப் போகும், பிறகு மருந்துக்குப் போகும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ரப் பசையும் கலந்த அந்த மருந்தில் முக்கிக் காயவைத்த குச்சிகளை உருவி, பெட்டியில் அடைப்பது இன்னொரு பக்கம். அன்றைக்கு அடைக்கிற பக்கம் ஆள் குறைவென்று சித்தியை அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். வெக்கை தாங்காமல், சன்னலோரம் இருந்த தன் கூட்டாளியிடம் கேட்டு இடம் மாறிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு கை குச்சி உரசியது. அடைத்துவைத்த குச்சிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. சித்தி சன்னல் வழியாக வெளியே விழுந்தாள். வலது கையும் கழுத்தோரமும் வெந்திருந்தன. இடம் மாறி உட்கார்ந்த கூட்டாளி மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் சித்தியின் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். புண் ஆறி, கட்டுப் பிரித்து, சித்தப்பா மாட்டுவண்டியில் அழைத்து வந்த அன்று ஊரே வாசலில் நின்று, “பெழச்சு வந்துட்டா தாயி” என்று சொன்னது. சித்தியின் உண்மையான நோய் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

அவளால் அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு உரசச் சொல்வாள், உரசுகிற சத்தம் கேட்பதற்குள் கொல்லைப்புறம் போய்விடுவாள். சித்தப்பா பீடியை விட்டார். ஆடிக் காற்றில் கதவு அடித்துச் சாத்தினால், கையிலிருக்கும் பாத்திரம் கீழே விழும். ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள். இரண்டு வயதுப் பையனைத் தூக்க மாட்டாள். நெஞ்சோடு சேர்த்தால் அவனும் எரிந்துவிடுவான் என்று தோன்றுகிறது என்று அம்மாச்சியிடம் ஒருமுறை சொன்னாள். தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காத புஞ்சைக்குப் போய்ப் பொழுதுக்கும் அங்கேயே இருந்துவிட்டு வருவாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாக்கியம் இருந்தது: “என் எடத்துல அவ உக்காந்துட்டா.” கேட்டவர்கள் ‘விதி’ என்று சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானம் அவளுக்குள் இறங்கவில்லை.

*

ஊருக்குத் தெரிந்த பெயர் ‘பயந்த கோளாறு’. ஊருக்குத் தெரிந்த வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். முதலில் அம்மாச்சி உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. சித்தி காதைப் பொத்திக்கொண்டு போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. காலகாலமாக எத்தனையோ பேரைத் தேற்றிய சடங்கு, இவளை அதே தீக்குள் திரும்பத் தள்ளிவிட்டது. அம்மாச்சி படிக்காதவள், ஆனால் ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். அதற்குப்பின் எங்கள் வீட்டில் யாரும் உப்பைத் தீயில் போடவில்லை.

அடுத்து, அந்தித் தொழுகை முடிகிற நேரத்துக்கு டவுன் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பயந்த பிள்ளைகளோடு தாய்மார்கள் வரிசையாக நிற்பார்கள். வெளியே வருகிற பெரியவர்கள் ஓதி, முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். சித்தி குழந்தையைப் போல அந்த வரிசையில் நின்றாள். அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நெற்றிக்கு நேரே ஒரு மனிதரின் மூச்சு மட்டும் வந்து போனது. அன்று ராத்திரி அவள் கொஞ்சம் தூங்கினாள். பிறகு வாரம் தவறாமல் போனாள். எங்கள் காளியம்மன் கோயில் பூசாரி போடும் திருநீற்றையும் வாங்கிக்கொண்டாள். இரண்டும் அவளுக்கு ஒத்துக்கொண்டன.

அம்மாச்சி தன் பாயை இழுத்துச் சித்தியின் பாயோடு சேர்த்துப் போட்டாள். ராத்திரியில் மகளின் காலின்மேல் தன் காலைப் போட்டுக்கொண்டு படுப்பாள். சித்தி எழுந்து உட்கார்ந்தால் அவளும் எழுந்து உட்காருவாள், ஒன்றும் பேச மாட்டாள். காலையில் கம்மங்கூழ், சாயங்காலம் உளுந்தங்களி என்று சாப்பாட்டுக்கு நேரம் தவறவிடவில்லை. தூக்கமும் சாப்பாடும் ஒழுங்குக்கு வந்தால்தான் மற்றதெல்லாம் என்பது அவள் கணக்கு.

கைக்கு வேறு பாடு. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா எண்ணெய் போட்டு நீவிவிடவும் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணக் கூடாது, வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சித்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு நீவுவேன். தொட்டதும் முதலில் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். நாளாக ஆக, நீவுகிற நேரத்தில் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்தாள். தீ தொட்ட கையை ஒரு மனித விரல் வலிக்காமல் தொடலாம் என்பதை அந்தக் கை மறுபடி கற்றுக்கொண்டது. நான் நர்ஸ் படிப்புக்குப் போனதற்கு அந்தத் திண்ணைதான் காரணம்.

*

ஆனாலும் வீட்டில் பணம் இல்லை. சின்ன ஆபீஸ், காப்பீடு என்ற பேச்சே அங்கே இல்லை. வேலைசெய்யும்போது காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லும் சட்டம் 1923லேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. முதலாளி வைத்தியச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொண்டார். கடன் கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்போதெல்லாம் சித்திக்கு நடுக்கம் கூடும். பயம் பயத்திலிருந்து மட்டும் வருவதில்லை, கடனிலிருந்தும் வருகிறது என்று பின்னாளில் வார்டில் பல குடும்பங்களைப் பார்த்து உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில்தான் தெருப் பெண்கள் வந்தார்கள். அப்போதெல்லாம் ஆபீஸிலிருந்து அட்டையும் காகிதமும் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. ஒருத்தி மேல்பெட்டி மடிப்பாள், ஒருத்தி அடிப்பெட்டி ஒட்டுவாள், ஒருத்தி வெயிலில் பரப்புவாள். குரோஸ் கணக்கில் கூலி. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் சித்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டி, எண்ணிக் குடு போதும்” என்றாள். பசையில்லாத வெறும் அட்டை. அதில் பயப்பட ஒன்றுமில்லை. சில வாரத்தில் மடித்தாள். பிறகு ஒட்டினாள். இறுகிய விரல்களுக்கு அதுவே பயிற்சியும் ஆனது. பல மாதம் கழித்து, மருந்து முக்காத வெறுங்குச்சிகளை ஒருநாள் மடியில் கொட்டினார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

பயந்த பொருளை நோயாளிக்குத் தாங்குகிற அளவில், பாதுகாப்பான இடத்தில், படிப்படியாகப் பழக்குவது உளமருத்துவத்தில் நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை. எங்கள் தெருப் பெண்கள் அதை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. ஆனால் அதில் முக்கியமான மூன்று விதிகளையும் அவர்கள் மீறவேயில்லை. வேகத்தைச் சித்தியே தீர்மானித்தாள். எழுந்து போக அவளுக்கு எப்போதும் வழி இருந்தது. பக்கத்தில் நம்புகிற ஆட்கள் இருந்தார்கள். அதோடு, அவர்கள் ஆஸ்பத்திரியால் கொடுக்க முடியாத ஒன்றையும் கொடுத்தார்கள்: சனிக்கிழமை கூலி. தன் கையால் சம்பாதித்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போன அன்று, சித்தி நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன்.

துக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. கூட்டாளி இறந்தபோது சித்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். முகம் பார்க்கவில்லை, நீர்மாலை எடுக்கிறபோது கூடப் போகவில்லை, பதினாறாம் நாள் விசேசத்திலும் இல்லை. அந்த வீட்டுப் பக்கம் போகவே அஞ்சினாள். வருசம் திரும்பியபோது, செத்தவளின் தாயாரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனோம். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த சித்தி திடீரென்று எடுத்தாள். இடம் மாறியது, வெக்கையாக இருந்தது, தான் கேட்டது, அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தது எல்லாவற்றையும் முறைவைத்து, அவளை அழைத்து அழைத்துச் சொல்லி அழுதாள். அந்தத் தாய் எழுந்து வந்து சித்தியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். “நீயாவது இருக்கியே தாயி” என்று அவர் சொன்னதை அருகில் இருந்து கேட்டேன். ‘விதி’ என்று ஊர் சொன்னபோது இறங்காதது, இழந்தவரின் வாயால் வந்தபோது இறங்கியது. மன்னிக்க உரிமையுள்ள ஒருவர் மன்னித்தார்.

அதற்குப்பின் சித்தி மகனைத் தூக்கினாள். அடுப்பு பற்றவைக்க இன்னும் பல காலம் ஆனது.

*

நர்ஸ் வேலைக்கு வந்த பிறகுதான், சித்திக்கு நடந்ததற்கு உலகத்தில் ஒரு பெயரும் விளக்கமும் இருப்பது தெரிந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் வன்முறைக்கு ஆளான பெண்களும் பட்ட பாட்டைப் பார்த்து, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் அதை PTSD (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கீடு) என்ற பெயரில் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சித்தி எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து விடியவிடிய உட்கார்ந்திருந்தாள். பேராபத்தின்போது மூளை பல சமயம் அந்த நிகழ்ச்சியை மற்ற நினைவுகளைப் போலக் காலவரிசையில் அடுக்கிவைப்பதில்லை. சத்தமும் வாசனையும் வெப்பமும் துண்டு துண்டாகப் பதிந்துவிடுகின்றன. வாசனைக்கும் மூளையின் அச்ச மையத்துக்கும் இடையே வழி மிகக் குறுகியது, யோசிக்கிற பகுதிக்குச் செய்தி போகுமுன் உடம்பு ஓடத் தயாராகிவிடும். உரசிய குச்சியின் கந்தக நெடிக்குச் சித்தி கொல்லைக்கு ஓடியது கோழைத்தனமும் இல்லை, பாசாங்கும் இல்லை. அவள் உடம்பு அவளை மறுபடி மறுபடி அந்தச் சன்னல் வழியாக வெளியே தள்ளிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் எழுதிய நூலில், இப்படிப்பட்டவர்கள் மீள்வதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைத்துத் துக்கம் கொண்டாடுவது. பிறகு வாழ்க்கையோடும் மனிதர்களோடும் திரும்பச் சேர்வது. அதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது அம்மாச்சியின் பாயும், ஒப்பாரி வட்டமும், பெட்டி ஒட்டிய திண்ணையும் என் கண்முன் வந்தன. எங்கள் வீட்டில் வரிசை கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

எட்டையபுரம் பக்கம் தாப்பாத்தியில் ஈழத்து மக்களுக்கான முகாம் இருக்கிறது. வேலை நிமித்தம் அங்கே போய்வந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஓர் அக்காவோடு பழக்கமானேன். போரில் வதைபட்ட மக்களுக்காக யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த வேலையை அந்த அக்காதான் எனக்குச் சொன்னார். ஒரு சில மருத்துவர்களால் லட்சக்கணக்கானவர்களைப் பார்க்க முடியாது. ஆகவே ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் பயிற்றினார்கள். ‘மனவடு’ என்று தமிழிலேயே கையேடு எழுதினார்கள். மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்ச்சியும் கற்றுக்கொடுத்தார்கள். மனம் ஒருமிக்க, சைவர்கள் ‘ஓம்’ என்றோ, கிறிஸ்தவர்கள் யேசுவின் பெயரையோ, முஸ்லிம்கள் அல்லாவின் பெயரையோ உருச்சொல்லலாம் என்று அவரவர் வழியிலேயே விட்டார்கள். சடங்கையும் திதியையும் ஊர்கூடி அழுவதையும் சிகிச்சைக்குத் துணையாகவே பார்த்தார்கள். தனிமனிதன் மட்டும் அல்ல, ஊரும் காயப்படுகிறது என்ற கருத்தை உலக உளமருத்துவத்தின் முன் அழுத்தமாக வைத்தவர்களில் தயா சோமசுந்தரம் முக்கியமானவர். மட்டக்களப்பில் காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார்கள் அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறியவரிடம் வாக்குக் கேட்டுத் தேறியதைப் பட்ரிசியா லாரன்ஸ் என்ற மானிடவியலாளர் பதிவு செய்திருக்கிறார்.

அந்த அக்கா எனக்குக் கற்றுத்தந்த மூச்சுப் பயிற்சி எளிமையானது. மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். நீண்டு வெளிவிடும் மூச்சு வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பைத் தணிக்கும். தீக்காய வார்டில் கட்டு மாற்றுமுன் நோயாளியின் தோளருகே உட்கார்ந்து நானும் கூடவே மூச்சு விடுவேன். வலி குறைந்துவிடாது. ஆனால் வலி வருமுன்னே வந்து நிற்கிற பீதி குறையும்.

*

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். தொலைக்காட்சிகள் அந்தப் புகையைத் திரும்பத் திரும்பக் காட்டின. சித்திக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் என்னைப் போனில் கூப்பிட்டாள். “தூக்கம் வரல தாயி. மறுபடியும் வந்துருச்சு.”

இந்த முறை அம்மாச்சி இல்லை. பெட்டி ஒட்டுகிற திண்ணைகளும் இல்லை, வேலை எந்திரத்துக்கும் பெரிய ஆபீஸ்களுக்கும் போய்விட்டது. ஆனால் இந்த முறை மனநல மருத்துவர் இருந்தார். 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின்கீழ், 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் படிப்படியாக விரிந்து எங்கள் பக்கத்துக்கும் வந்திருந்தது. அரசு மருத்துவமனையில் அந்த மருத்துவர் சித்தியிடம் முதலில் தீயைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், பக்கத்தில் யார் படுக்கிறார்கள், எதற்குப் பிறகு பயம் தணிகிறது என்று கேட்டார். மனஅழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று விளக்கினார். “காளியம்மன் கோயிலுக்குப் போகலாமா டாக்டர்?” என்று சித்தி தயங்கிக் கேட்டபோது, “கட்டாயம் போங்கம்மா, மாத்திரையும் போடுங்க” என்றார். சித்தியின் முகம் தெளிந்தது. டி.வி.யை அணைத்தோம். நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். பேத்தி தன் பாயைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

சில மாதங்களில் தேறினாள். முதல் முறை வருடக்கணக்கில் ஆனது இந்த முறை மாதக்கணக்கில் முடிந்ததற்கு மாத்திரையும் காரணம், பழைய அனுபவமும் காரணம். ஒருமுறை மீண்டவர்களுக்கு வழி தெரியும்.

பிறகு அவளே வேறொரு வேலையைத் தொடங்கினாள். சுற்றுவட்டாரத்தில் தீ விபத்து என்று கேள்விப்பட்டால், ஆட்கள் கூட்டம் கலைந்தபின் அந்த வீட்டுக்குப் போவாள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானபோதும் போனாள். என்ன நடந்தது என்று கேட்கவே மாட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, பிள்ளை எங்கே என்று கேட்பாள். தன் கையைக் காட்டுவாள். விபத்து நடந்த உடனே ஆளைப் பிடித்துவைத்து எல்லாவற்றையும் சொல்லவைப்பது பலன் தராது, சிலருக்குக் கேடும் செய்யும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதுகாப்பு, தேவையான உதவி, கேட்கும் காது, சொந்தங்களோடு சேர்த்துவிடுவது ஆகியவைதான் முதல் உதவி என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. சித்தி அதன்படியேதான் நடந்துகொண்டாள்.

*

‘முழுமையான சிகிச்சை’ என்ற பெயரில் இன்று நகரங்களில் நிறைய விற்கிறார்கள். எண்ணெய், இசை, தியானம், வாசனை எல்லாம் சேர்த்த ஒரு தொகுப்பு. அவற்றில் உடம்பைத் தளர்த்துவன உண்டு, நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மாத்திரையை மறுத்துவிட்டுச் செய்கிற எதையும் என்னால் முழுமை என்று ஒப்ப முடியாது. நம்பிக்கையை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு, தர்காவில் குணம் தேடி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதன் பிறகு அங்கேயே தர்காவுக்குப் பக்கத்தில் மருத்துவரும் உட்கார்ந்து, துவாவோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. யாருடைய நம்பிக்கையையும் பிடுங்காமல் சிகிச்சையைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி அது. மற்றொரு பக்கம், மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதும் முழுமை ஆகாது. கடன்காரன் வாசலில் நிற்கிறபோது எந்த மாத்திரையும் தூக்கம் தராது.

சித்தியிடமிருந்து தீ பலவற்றைப் பறித்தது: தூக்கம், கை, கூலி, கூட்டாளி, அவளுக்காக அழும் வாய்ப்பு, பிள்ளையை அணைக்கும் துணிவு. ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் திரும்பி வந்தது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியவில்லை. இவ்வளவு ஆண்டு வார்டில் நின்று பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: ஒருவர் எதையெல்லாம் இழந்தாரோ அதையெல்லாம் கேட்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் வழிசெய்வதே முழுமையான சிகிச்சை.

இன்று எங்கள் வட்டாரத்தில் விபத்து நடந்தால் அமைச்சர் வருகிறார், காசோலை வருகிறது, கேமரா வருகிறது. பதினாறாம் நாளுக்குப் பிறகு யாரும் வருவதில்லை. நோய் தலைகாட்டுவதோ அதற்குப் பிறகுதான். உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள், தீ விபத்து நடந்த ஊர்களில் தூக்கத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கட்டும். 2022 முதல் இயங்குகிற டெலி மனஸ் உதவி எண் 14416ஐ ஒவ்வொரு ஆபீஸ் சுவரிலும் தமிழில் எழுதி வைக்கட்டும். மாவட்ட மனநலக் குழு மூன்றாம் மாதமும் முதல் வருசத் திதியையொட்டியும் அந்த வீடுகளுக்குப் போகட்டும். தீயில் கை இழந்தவர்களுக்குத் தீ இல்லாத வேலை கொடுப்பது இழப்பீட்டின் பகுதியாகட்டும். செத்தவர் வீட்டையும் பிழைத்தவர் வீட்டையும் ஒரு நாளாவது ஒன்றாக உட்காரவைக்க ஊர்ப் பெரியவர்கள் முன்வரட்டும்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. பாதியை எங்கள் அம்மாச்சிகள் அறிந்திருந்தார்கள், மீதியை மருத்துவம் அறிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டு வாசலில் சேர்க்கிற பொறுப்பு யாருடையது என்று அரசாணையில் எழுதி, அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்க வேண்டும். கரிசலின் குச்சியில் நாடெங்கும் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்தக் குச்சியில் வெந்தவர்களுக்கு இவ்வளவாவது செய்ய நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.